சீட் வியாதி என்று நினைத்தது

பணிமனையில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். தொலைதூரப் பேருந்தின் ஓட்டுநர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும்தான் ஓரிடத்தில் உட்காருவார். இறங்கிவிட்டால் டயரைத் தட்டுவார், கண்ணாடியைத் துடைப்பார், டீ டம்ளரோடு வளாகத்தையே சுற்றி வருவார்.

மலத்தில் ரத்தம் போனபோது அவர் கவலைப்படவில்லை. பணிமனையில் அதற்குப் பெயர் ‘சீட் வியாதி’. இன்ஜின் சூட்டில் மணிக்கணக்காக உட்காருகிறவர்களுக்கு மூலம் வருவது சகஜம். வந்தவருக்கு ஒரு மரியாதைகூட உண்டு.

“உனக்கும் வந்துடுச்சா? இனிமே நீ பெரிய ஆளுப்பா” என்று களிம்பு டியூபைக் கைமாற்றினார்கள்.

ஓராண்டு அந்தக் களிம்பிலேயே ஓடியது. சட்டை தொளதொளத்து, படியேற மூச்சு வாங்கிய பிறகுதான் மனைவி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். பெருங்குடலில் கட்டி. வயது நாற்பத்திரண்டு.

அறுவை முடிந்து, வெட்டியெடுத்த கட்டியைச் சோதித்த பிறகு மருத்துவர் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார்.

“அம்மாவுக்குப் புற்றுநோய் இருந்துச்சு சார். ஆனா அது கர்ப்பப்பை. இது குடலு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?”

சம்பந்தம் இருந்தது. செல் ஒவ்வொரு முறை இரண்டாகும்போதும் அதனுள் இருக்கும் மரபுச் செய்தி முழுவதும் நகலெடுக்கப்படுகிறது. நகலில் பிழை விழும். அந்தப் பிழைகளைத் தேடித் திருத்துவதற்கென்றே சில மரபணுக்கள் உண்டு. அந்த மரபணுக்களில் ஒன்று, அம்மா வழியாக, பழுதாகவே அவருக்கு வந்திருந்ததை ரத்தப் பரிசோதனை காட்டியது. அப்பா தந்த நல்ல பிரதியும் ஏதோ ஒரு குடல் செல்லில் கெட்டுப்போக, அங்கே பிழைகள் கேட்பாரில்லாமல் குவிந்தன. அம்மாவின் கருப்பையிலும் நடந்தது இதுதான் என்றார் மருத்துவர்.

“கூடப் பிறந்தவங்க?”

“தங்கச்சி ஒருத்தி.”

“அவங்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு.”

அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தையல் போட்ட இடம் முழுதாக ஆறுவதற்குள் பேருந்து நிலையத்துக்குப் போனார். முன்பதிவுக் கவுண்டரில் தங்கைக்கு வேலை. போனில் பேசினால் வைத்துவிடுகிறாள். கண்ணாடித் துளையில் குனிந்தார்.

“ஒரு டியூப் ரத்தம் குடு. அவ்வளவுதான்.”

“பின்னாடி ஆளு நிக்குது. நகருண்ணா.”

“குடுக்கிறேன்னு சொல்லு, நகர்றேன்.”

“நான் நல்லாத்தானே இருக்கேன்? தெரிஞ்சுக்கிட்டு தினமும் பயந்து சாகணுமா?”

“அம்மாவுக்குத் தெரியாமப் போச்சுடி. எனக்கும் லேட்டாத்தான் தெரிஞ்சுது. நீ ஒருத்திதான் முன்கூட்டியே பாத்துக்க முடியும்.”

வரிசையில் நின்ற ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தார். “அந்த ரத்தத்தைக் குடுத்துத் தொலைம்மா. எங்க பஸ் கிளம்பிடும்.”

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் கையை நீட்டினாள்.

அவளிடமும் அதே பழுது. அடுத்தது குடலுக்குள் குழாய்விட்டுப் பார்க்கும் சோதனை. கதவு திறப்பதற்குள் அவர் வராந்தாவைச் சுற்றிச் சுற்றி வந்து நர்ஸிடம் ஐந்தாறு முறை திட்டு வாங்கியிருந்தார்.

மயக்கம் தெளியாத குரலில் அவள் சொன்னாள்: “ரெண்டு சதைமொட்டு இருந்துச்சாம். இன்னும் புற்றா மாறலையாம். எடுத்துட்டாங்க. வருஷா வருஷம் வரணுமாம். குடலைக் கழுவக் குடுத்தாங்களே, அந்தப் பேதி மருந்தை நீயும் ஒருவாட்டி குடிச்சுப் பாரு.”

“நான் குடிக்காததா? திட்டு, நல்லாத் திட்டு.”

அவள் திட்டவில்லை. “உன் பசங்ககிட்ட சொல்லிட்டியா?”

மகனுக்கு இருபத்தொன்று, மகளுக்குப் பத்தொன்பது. அவர்களுக்கும் அதே பாதிக்குப் பாதி. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இன்னும் இல்ல. சாயங்காலம் சொல்லலாம்னு.”

“நானும் வர்றேன். நீ பாதியிலயே எந்திரிச்சுப் போயிடுவ.”