ஜெபக்காவின் துண்டு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஜெபக்கா என்ற பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. ஷிப்ட் மாற்றிக்கொள்ளச் சொன்னாலும் சரி, டீ குடிக்கக் கூப்பிட்டாலும் சரி, "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேனே" என்பாள். அதற்குள் டீ ஆறிப்போகும்.

இப்போது வந்திருப்பது டீ விஷயமில்லை. வேறு ஊரில் திறக்கப்போகும் கிளை ஆஸ்பத்திரியில் இஸ்திரிப் பிரிவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். தங்குவதற்கு அறையும் உண்டு, ஜன்னலோடு. "நாளான்னைக்குள்ள சொல்லிருங்க, இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவாங்க" என்று மேற்பார்வையாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஜன்னல் என்ற சொல்லே ஜெபக்காவை இழுத்தது. சலவைக்கூடம் இருப்பதோ நிலவறையில். புருஷன் இறந்த பிறகு ஒண்ட வந்த அண்ணன் வீட்டில் அவள் படுப்பது, அடுக்களைக்கும் கழிவறைக்கும் நடுவில் உள்ள நடையில். அங்கே ஒரு கைக்குட்டை காயவே இரண்டு நாளாகும். ஆனாலும் அந்த நடையை விட்டுப் போக அவளுக்குப் பயம். "நீ போயிட்டா வீட்டு வேலைய யாரு பாக்கிறது?" என்று அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். தின்ற தட்டைக்கூட நகர்த்தி வைத்துப் பழகாத மகாராசன்!

போருக்குப் போ என்ற ஆண்டவரிடமே ஆட்டுத்தோலை வைத்து அடையாளம் கேட்டவன் பைபிளில் வரும் கிதியோன். இவளிடம் தோல் ஏது? ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து நடைக்கொடியில் போட்டாள். "ஆண்டவரே, காலையில இது காஞ்சிருந்தா நான் போறேன்" என்று வாய்விட்டு ஜெபித்தாள். காயாது என்று தெரிந்துதான் கேட்டாள், கள்ளி.

காலையில் துண்டு மொடமொடவென்று காய்ந்திருந்தது. "கோவிச்சுக்காதீங்க ஆண்டவரே, கிதியோனும் ரெண்டு தடவ கேட்டான்" என்று அன்று சாயங்காலம் காய்ந்த துண்டைப் போட்டு, காலையில் அது நனைந்திருக்க வேண்டும் என்று கேட்டாள்.

மறுநாள் காலை துண்டு சொட்டிக்கொண்டிருந்தது. முகர்ந்து பார்த்தாள். பாத்திர சோப்பு வாசனை. முதல் நாளே துண்டின் ஓரம் தீய்ந்திருந்ததைக் கவனித்தவள்தான். இஸ்திரிச் சூடு அவளுக்குத் தெரியாதா? பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

அடுக்களையில் அண்ணி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்களா அண்ணி?"

அண்ணி திரும்பவில்லை. "நீ பண்ற ஜெபம் தெருக்கோடி வரைக்கும் கேக்குது."

"ஆண்டவர் காரியத்துல விளையாடலாமா? நான் இங்க இருக்கிறது உங்களுக்கு அவ்ளோ பாரமா?"

"பாரமா? நீ போனா உன் வேலையும் என் தலையிலதான் விழும்." அண்ணியின் கை நின்றது. "கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கும் வெளியூர்ல ஒரு வேலை வந்துச்சு. ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்னுதான் நானும் சொன்னேன். இன்னும் சொல்லல."

ஜெபக்கா ஈரத்துண்டைப் பையில் திணித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். வழியெல்லாம் அழுகை. இதைக் கர்த்தருடைய பதில் என்று எடுப்பதா, அண்ணியின் வேலை என்று தள்ளுவதா? யார் கையால் வந்தால் என்ன, கேட்டது நடந்திருக்கிறதே என்று தோன்றியது. பயம் மட்டும் இம்மியும் குறையவில்லை.

"என்னக்கா, ஜெபம் முடிஞ்சுதா?" என்று சிரித்தார் மேற்பார்வையாளர்.

"முடிஞ்சுது சார். போறேன்." பாத்திர சோப்பு வாசனை இன்னும் அவள் கையில் இருந்தது. "அந்த ரூம்ல என்கூட இன்னொருத்தங்க வந்து தங்கினா, ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?"