மஞ்சள்கால் குஞ்சு

எங்கள் அப்பா வளர்த்தது வெள்ளைக்கால் சேவல். கால் சங்கு போல வெளுத்திருக்கும். அந்த வம்சத்தில் வேறு கால் விழாது என்று சுற்றுவட்டாரமே நம்பியது. அப்பாவும் அப்படித்தான் சொல்வார்.

உண்மை அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். அவ்வப்போது ஒரு மஞ்சள்கால் விழும். நிறம் தெரிந்ததும் கூடையில் போட்டு மூடி, அம்மா மல்லசமுத்திரம் சந்தையில் தள்ளிவிட்டு வருவாள். அடுத்த வீட்டிலிருந்த சித்தப்பாவுக்குக்கூடத் தெரியாது. வெளியே சொன்னால் தோலை உரித்துவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். நான் சொன்னதில்லை.

அந்த வருஷம் சித்தப்பாவின் மனைவி, எங்கள் சின்னம்மா, சேந்தமங்கலத்தில் தாய்வீட்டில் பெண் குழந்தை பெற்றாள். குழந்தைக்குப் பூனைக்கண். இரண்டு வீட்டிலும் யாருக்கும் அந்தக் கண் இல்லை. பார்த்து வந்தவர்கள் வாயை மூடவில்லை. சித்தப்பா அழைத்துவரப் போகவே இல்லை.

ஏன் போகவில்லை என்று அப்பா ஒருநாள் கேட்டேவிட்டார்.

"ஏண்ணா, நம்மூட்டுச் சேவலுக்கே கால் மாறாது. எம்புள்ளைக்குக் கண்ணு எப்படி மாறும்?" என்றார் சித்தப்பா.

அப்பா எழுந்து சேவலுக்குத் தீனி வைக்கப் போனார்.

பிறகு மேட்டூர் அணை வேலையிலிருந்து ஒரு மேஸ்திரி சேவல் வாங்க வந்தார். வாசலில் கூட்டம். சித்தப்பாதான் சேவலைப் பிடித்துக் காட்டினார்.

"சுத்தமான சாதிதானுங்களே?" என்றார் மேஸ்திரி.

அப்பா உள்ளே போனார். சந்தைக்கென்று மூடி வைத்திருந்த கூடையோடு வந்தார். ஒரு குஞ்சை எடுத்துச் சித்தப்பா கையில் வைத்தார். மஞ்சள்கால்.

மேஸ்திரி சிரித்தார். "ஏனுங்க, இது மஞ்சத் தேச்சுக் குளிச்சுட்டு வந்துதுங்களா? எந்தக் குப்பைமேட்டுச் சேவல் வேலி தாண்டுச்சு?"

கூட்டமும் சிரித்தது.

"ஒண்ணும் தாண்டலீங்க." அப்பா அவரைப் பார்க்கவில்லை. சித்தப்பாவையே பார்த்தார். "அப்பனும் வெள்ளைக்கால், ஆத்தாளும் வெள்ளைக்கால். அடைச்சு வெச்சு நானே சேத்தது. அதுகளுக்கு முன்னால எதுக்கோ மஞ்சக்கால் இருந்திருக்குது. நாம பாக்கல. அதுக்குப் பெட்டையைக் குத்தஞ் சொல்லலாமாடா, தம்பி?"

சிரிப்பு நின்றுவிட்டது. சித்தப்பா குஞ்சின் காலையே பார்த்தபடி நின்றார்.

மேஸ்திரி வாங்காமல் போனார். அப்புறம் வெள்ளைக்கால் கேட்டு யாரும் எங்கள் வாசலுக்கு வரவில்லை.

மறுநாள் விடியச் சித்தப்பா வண்டி பூட்டினார். அம்மா ஒரு புதுச்சேலையைச் சுருட்டிக் கொடுத்தாள்.

"பாத்துப் போய்ட்டு வா, சாமி."

"வாரனுங்க, நங்கை," என்றார் சித்தப்பா அண்ணியிடம்.

நான் அப்பாவோடு பேசவில்லை. தோலை உரிப்பேன் என்றவர், தானே நாலு பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டார். கோழி விற்கத் தெரியாத மனுஷன் என்று நினைத்தேன்.

போன வண்டி திரும்பி வந்தது. சின்னம்மா குழந்தையை அம்மா கையில் கொடுத்துவிட்டு நேரே போய் அப்பா காலில் விழுந்தாள். எழுந்திருக்கவே இல்லை. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு சேவல் விற்காமல் போனதற்கா இத்தனை அழுகை என்றிருந்தது எனக்கு.