அரை மணி நேரச் செவ்வாய்

குயின் ஸ்ட்ரீட்டில் ஒரு புடவைக் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவே, ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் போடுமளவுக்கு இடம் பிடித்து, பினாங்குத் தமிழர்களுக்கு ஜாதகம் போட்டுத் தருகிறார் சுகுமாரன். போட்டுத் தருகிறார் என்றால் அவரா போடுகிறார்? பிறந்த தேதியையும் நேரத்தையும் தட்டிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துகொள்வார். கம்ப்யூட்டர் போடும். ஆனால் காகிதம் பிரிண்டரிலிருந்து வெளியே வரும்போது மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கிரகங்களைத் தாமே தூக்கி வைத்து இறக்கிய களைப்பு தெரியும்.

ஒரு காலத்தில் அவர் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை ஊழியர். கல்யாணத்துக்கு முன்பே ஆள்குறைப்பில் வேலை போனதும், கையில் கிடைத்ததைக் கொண்டு ஒரு கம்ப்யூட்டரும் மதுரைக் கம்பெனி ஒன்றின் ஜாதக மென்பொருளும் வாங்கினார். நடுவில் கம்ப்யூட்டர் ஒரு தடவை மாறியது, மென்பொருள் மாறவில்லை. "கையால கணிக்கறவங்க கணக்குல தப்பு விடுவாங்க. மிஷின் விடாது" என்பார் வருகிறவர்களிடம். சனங்களும் நம்பினார்கள். பாகான் டாலாமிலிருந்து, தாசேக் கெலுகோரிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. அவர் சேராது என்று சொன்ன இடத்தில் யாரும் பெண் கொடுத்ததில்லை.

இந்த வருடம் பிரிண்டர் செத்தது. புதிதாக வாங்கி வந்த பிரிண்டர் பழைய கம்ப்யூட்டரோடு பேச மறுத்தது. கொம்தார் கட்டடத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஹைக்கலைக் கூப்பிட்டார். நாற்பது வயதுக்காரர், வந்து பார்த்துச் சிரித்துவிட்டார்.

"அண்ணே, இன்னும் விண்டோஸ் செவன்லயா ஓட்றீங்க? இது மியூசியத்துல வைக்கறதுலா. மெமரிய கொஞ்சம் கூட்டி புது விண்டோஸ் போட்டுருவோம்."

"போட்டா என் ஜாதகம் ஓடுமா?"

"பழைய சாப்ட்வேர் ஓடாது. மதுரையில கேட்டு புதுசு வாங்கணும். ரெண்டையும் சேத்து மாத்தணும்."

சுகுமாரன் யோசித்தார். யோசிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. முதல் வாரம் அஷ்டமி, நவமி என்று தள்ளினார். அடுத்த வாரம் அவருக்கே சந்திராஷ்டமம் என்றார். அதற்கடுத்து, தண்ணீர்மலை முருகனைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். அதுவரைக்கும் ஜாதகத்தைத் திரையில் காட்டி வாடிக்கையாளர்களைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"விண்டோஸ் போடறதுக்கு முகூர்த்தம் பாக்கற ஆள நான் இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லி, ஹைக்கல் அவர் எதிரிலேயே மதுரைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரையும் தட்டிவிட்டார். எடுத்தவர் உற்சாகமான மனிதர். புதுப் பதிப்பின் பெருமைகளை மூச்சுவிடாமல் அடுக்கிக்கொண்டே வந்தவர், "சார் மலேசியாவா? உங்களுக்குத்தான் சார் முக்கியமானது. அந்த அரை மணி நேரத் தப்பைச் சரி பண்ணிட்டோம்" என்றார்.

"என்ன தப்பு?" என்றார் சுகுமாரன்.

"உங்க ஊர்ல எண்பத்திரண்டுல கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளி வச்சாங்கல்ல சார்? பழைய பதிப்புல அதுக்கு முன்னாடி பிறந்தவங்களுக்கும் இப்போதைய நேரத்தையே போட்டுக் கணக்குப் பண்ணிட்டோம். யாருமே புகார் பண்ணலைங்க சார்!"

யார் புகார் செய்வது? தீபகற்ப மலேசியா முழுக்க அரை மணி நேரத்தைத் தொலைத்துவிட்டுப் புத்தாண்டு கொண்டாடிய கதை சுகுமாரனுக்குத் தெரியாததா என்ன? அப்போது அவருக்கு ஒன்பது வயது. நாற்காலி மேல் ஏறிச் சுவர்க் கடிகார முள்ளைத் திருப்பியதே அவர்தான். ஆனால் அந்த முள்ளுக்கும் தன் தொழிலுக்கும் சம்பந்தம் உண்டென்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றவில்லை. இப்போது அவர் நினைத்தது ஊராரை அல்ல. தங்கை ரமணியை.

ரமணி பிறந்தது எண்பதாம் வருடம், செப்டம்பர் மாதம், இரவு பத்தே முக்காலுக்கு. அவளோடு வேலை பார்த்த சந்திரசேகரன் முறைப்படி வந்து பெண் கேட்டபோது, மேஷ லக்னம், ஏழில் செவ்வாய், கடுமையான தோஷம் என்று இந்த மென்பொருள்தான் சொன்னது. பையனுக்குத் தோஷமில்லை. வேண்டாம் என்று சொல்லி அனுப்பியவர் சுகுமாரன்தான். பிறகு வந்த வரன்களும் அந்தச் செவ்வாயில் இடறித் திரும்பின. இப்போது ரமணிக்கு நாற்பத்தைந்து வயது.

ஹைக்கல் போனதும் கடைக் கதவைப் பாதி சாத்தினார். ரமணியின் பிறந்த நேரத்தோடு அரை மணியைக் கூட்டி, பழைய கம்ப்யூட்டரிலேயே தட்டினார். மேஷம் ரிஷபமானது. ஏழிலிருந்த செவ்வாய் ஆறுக்குப் போனது. தோஷம் இல்லை என்று எந்தக் கூச்சமும் இல்லாமல் எழுதிக் காட்டியது திரை. சுகுமாரன் அழுதார். பூக்கடைக்காரப் பெண் எட்டிப் பார்க்கவே, தலைவலி என்று பூசி மெழுகினார்.

மாற்றாமலே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. மாற்றினால், ரமணியின் ஜாதகத்தை என்றாவது யாராவது கேட்டால், இத்தனை வருடமும் அவள் தனியாக இருந்ததற்குக் காரணம் செவ்வாய் இல்லை, அண்ணன் என்று அச்சடித்து வரும். அப்படியே மென்று விழுங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். நாலு நாள் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு ரமணி வந்தாள். அவளுக்குப் பாயான் பாருவில் சொந்தமாக அடுக்குமாடி வீடு, தொழிற்சாலையில் பெரிய பொறுப்பு, வருடத்துக்கு ஒரு வெளிநாட்டுப் பயணம். சுகுமாரனின் மனைவி வள்ளியம்மா அடுக்களையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் காரைப் பூட்டிக்கொண்டிருந்த தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார் சுகுமாரன்.

ரமணி கார்ச் சாவியைப் பைக்குள் போட்டாள்.

"எனக்குத் தெரியும்ணே."

"என்னா தெரியும்?"

"அரை மணி நேரம். வேலையிடத்துல ஒரு அக்கா சொன்னாங்க, நெட்ல போட்டுப் பாத்தேன். பதினாறு வருஷம் இருக்கும்."

"பாவி, ஏன் சொல்லல?"

"யார்கிட்ட சொல்ல? சந்திரசேகரனுக்கு அப்பவே ரெண்டு பிள்ளைங்க. அவருக்காக அழ வேண்டியத அழுது முடிச்சுட்டேன். அதுக்கப்புறம் நீ கூட்டிட்டு வந்தியே, ஒருத்தன் என் சம்பளத்த கேட்டான், இன்னொருத்தன் நான் வேலைய விடணும்னான். அவனுங்களுக்கெல்லாம் தோஷம்னு ஒரே வார்த்தை. ஓடிட்டானுங்க. எனக்கு சுசா இல்லாம, தொல்லை இல்லாம இருந்துச்சு."

சுகுமாரனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பாரம் கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது. இறங்கியதும் அவருக்குள் இருந்த ஜோசியர் விழித்துக்கொண்டார்.

"இருந்தாலும் என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? ஊருக்கெல்லாம் தப்பாவே போட்டுக் குடுத்துட்டிருந்தேனே!"

ரமணி அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னிக்கே உன்னோடதையும் போட்டுப் பாத்தேன். என்னை விட்டுப் போன செவ்வாய் உன் ஜாதகத்துல வந்து உக்காந்திருக்கு. அண்ணிக்கு இல்ல. உனக்கோ இந்த மிஷின் சொன்னா வேதம். கல்யாணம் ஆகி, பிள்ளை பெத்து, ரெண்டு பேரும் நல்லாத்தானே இருந்தீங்க. நான் எதுக்கு வாயத் தொறக்கணும்?"

சுகுமாரன் மனசுக்குள் கணக்குப் போட்டார். அரை மணி நேரத் தப்பால் தங்கை கல்யாணம் நின்றது. அதே தப்பால் அவர் கல்யாணம் நடந்தது. தங்கைக்குச் சந்திரசேகரனைச் சேராது என்று தள்ளிய அதே வாயால், வள்ளியம்மாவைப் பத்துக்குப் பத்து என்று சொல்லித் தாலி கட்டியவர் அவர். அண்ணன் தங்கைக்குச் செய்யாத காவலைத் தங்கை அண்ணனுக்குப் பதினாறு வருடம் செய்திருக்கிறாள்.

"ரெண்டு பேரும் அங்க என்ன ரகசியம்? மீன் ஆறுது, வாங்க!" என்று கத்தினாள் வள்ளியம்மா. செவ்வாய் தோஷக்காரரோடு கால் நூற்றாண்டு குடித்தனம் நடத்திய அந்தக் குரலில் நோயின் அறிகுறி ஏதும் இல்லை.

"இப்ப மாத்தவா, வேணாமா?" என்றார் சுகுமாரன், குழந்தைபோல.

"மாத்துண்ணே. இனிமே வர்றவங்களுக்காவது சரியா சொல்லு" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள் ரமணி.

மறுநாளே ஹைக்கலை வரச் சொன்னார் சுகுமாரன். அன்று ராகு காலமா, எமகண்டமா என்று பார்க்கவில்லை. புது விண்டோஸ் ஏறியது, புது மென்பொருள் ஏறியது, புது பிரிண்டரும் பேசத் தொடங்கியது.

"டெஸ்ட் பண்ண யாராவது ஒருத்தர் டீடெய்ல் சொல்லுங்க" என்றார் ஹைக்கல்.

ரமணியுடையதைச் சொன்னார். காகிதம் வந்தது. தோஷம் இல்லை என்ற வரியைச் சுகுமாரன் விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னொன்னு போட்டுப் பாத்தா நல்லதுண்ணே. எண்பத்திரண்டுக்கு முந்தினதா இருக்கணும். உங்களோடதே போடுவோம். என்னைக்குப் பொறந்தீங்க, எத்தனை மணிக்கு?"

ஊரில் பாதிப் பேருடைய பிறந்த நேரத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய சுகுமாரன், புதுத் திரையை ஒரு பார்வை பார்த்தார்.

"எனக்கு ஞாபகம் இல்ல, தம்பி."