மூடிக்குள் குங்குமம்

ஹைமவதிக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. ஆட்டோவில் ஏறினால் பிறந்து வளர்ந்த ஊரிலேயே, “இதுவா வழி?” என்று கேட்பாள். கிரிவலம் போனால் கழற்றிய செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் மலையைச் சுற்றி வருவாள். அவள் சந்தேகப்படாத ஒரே ஆள், அவள் பாடம் எடுக்கும் பொறியியல் கல்லூரியின் துறைத்தலைவர் சாம்பமூர்த்தி. கோயில் குருக்கள் குடும்பம், வாயைத் திறந்தால் அண்ணாமலையார்தான்.

அப்படிப்பட்டவளிடம்தான் கல்லூரியின் புது மின் இயந்திர ஆய்வகத்தை ஒப்படைத்திருந்தார்கள். ஆய்வகத்தைப் பார்த்து அனுமதி தரும் குழு மதியம் வருகிறது. அதற்குள், மோட்டார்கள் எல்லாம் புதிதாக வாங்கியவை என்று அவள் கையெழுத்திட வேண்டும். பொய்யென்று தெரிந்தால் மாட்டிக்கொள்வது அவள்தான்.

மூலையிலிருந்த டிசி மோட்டார் அவளை உறுத்தியது. பெயிண்ட் வாசனை போகவில்லை. பிரஷ் உரசும் செம்பு உருளையோ நெடுநாள் ஓடியதுபோலப் பழுப்பேறிக் கிடந்தது. காலையில் கேட்டபோது, “அண்ணாமலையார் சத்தியமா புதுசும்மா” என்றிருந்தார் சாம்பமூர்த்தி. அப்படியானால் அவரையும் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள். வேறு யார்? வயரிங் செய்துகொண்டிருந்த மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர் முபின்தான்.

“பாய், பழசுக்குப் பெயிண்ட் அடிச்சு எங்க தலையில கட்டிட்டீங்களா?”

முபினின் முகம் சுருங்கியது. “பெயிண்ட் அடிச்சேன் மேடம், அடிக்கச் சொன்னாங்க. மோட்டார் நான் குடுத்தது இல்லீங்க. வேணும்னா கழட்டிப் பாருங்க.”

கதை விடுகிறார் என்றே நினைத்தாள். ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, வயர் இணைக்கும் பெட்டியின் மூடியைத் தானே கழற்றினாள்.

மூடியின் உட்புறம் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

இதே நிர்வாகத்தின் வேங்கிக்கால் பாலிடெக்னிக்கில் அவள் முன்பு வேலை பார்த்தாள். ஆயுத பூஜைக்கு எல்லாரும் இயந்திரத்தின் மேலே பொட்டு வைப்பார்கள். துடைத்துவிடுவார்களோ என்று சந்தேகப்பட்டு மூடிக்குள் வைத்தது அவள் ஒருத்திதான். அதைச் சொல்லி எல்லாரும் கேலி செய்வார்கள்.

அந்த நேரத்தில் சாம்பமூர்த்தி உள்ளே வந்தார். “ஏம்மா, கையெழுத்துப் போட்டாச்சா? கேட்டுக்கு வந்துட்டாங்க.”

“இது வேங்கிக்கால் மோட்டார் சார். நான் வெச்ச குங்குமம்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “ஒரு வாரத்துக்குத்தாம்மா. திருப்பி அனுப்பிடலாம்.”

“சத்தியம் பண்ணீங்களே சார்!”

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். ஹைமவதிக்கு அழுகை முட்டியது. முபினைப் பார்க்க வெட்கமாக இருந்தது. “மன்னிச்சிடுங்க பாய்” என்றாள்.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. சாம்பமூர்த்தி அவசரமாக மூடியை எடுத்துப் பெட்டியில் வைத்து, ஸ்க்ரூவுக்குக் கை நீட்டினார். ஹைமவதி கழற்றிய ஸ்க்ரூக்களைக் கைக்குள் இறுக மூடிக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றாள்.