தாரமங்கலத்தில் ஒரு டீ, ஜலகண்டாபுரத்தில் ஒரு சேலை

பிளஸ் டூவில் என் தங்கை மகள் கவிநிலா வாங்கிய மார்க்கைச் சொன்னால் நான் கூட்டிச் சொல்கிறேன் என்பீர்கள், விடுங்கள். கோயம்புத்தூர் காலேஜில் இடமும் கிடைத்துவிட்டது. ஹாஸ்டல் பாரத்தில் அவள் அப்பா கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். நாமக்கல்லில் நாலு லாரி ஓட்டும் மனுஷன், பேனாவைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் காரிலேயே போய் வந்த பிள்ளை அவள்.

"மார்க் இருந்தாப் போதுங்களா மச்சான்? சேலம் பஸ் ஸ்டாண்டுல உட்டா ஊடு வந்து சேருவாளா?" என்றார்.

சேருவாள் என்று மீசையைத் தடவினேன். நான் எட்டாவதுதான், ஆனால் காஷ்மீர் பனியில் கண்ணை மூடிக்கொண்டு லாரி ஓட்டியவன். உடனே ஒரு பந்தயம் முடிவானது. ஜலகண்டாபுரம் தறிக்காரரிடம் வாங்கிய சேலையில் கரை நிறம் தப்பாக வந்திருந்தது. அதை அவளே பஸ்ஸில் போய் மாற்றி வந்தால் கையெழுத்து. நான் துணைக்குப் போகலாம், வழி சொல்ல வாய் திறக்கக் கூடாது. அவளிடம் போன் கிடையாது.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு நாமக்கல்லில் ஏறினோம். சேலம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஐம்பது ரூபாய். ஒன்பது மணிக்குப் புது பஸ் ஸ்டாண்டு. எந்த பஸ் என்று மூன்று பேரிடம் கேட்டாள். இரண்டு பேர் ஒரே பதில் சொன்ன பிறகுதான் ஏறினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒன்பது இருபதுக்குத் தனியார் பஸ், ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய்.

பத்தேகாலுக்குத் தாரமங்கலம். அஞ்சு நிமிஷம் நிற்கும் என்றார்கள். இரண்டே முக்கால் மணி நேரம் வாயை மூடியிருந்ததில் எனக்கு மூச்சே முட்டியது. டீ குடிக்க இறங்கினேன். டீக்கடைக்காரரிடம் காஷ்மீர் கதையை ஆரம்பித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பஸ்ஸைக் காணோம். என் பையும் போனும் அவள் பக்கத்துச் சீட்டில்.

திட்டம் போட்டுத்தான் இறங்கினேன் என்று எழுதக் கை துடிக்கிறது. இல்லை. பஸ் போன பக்கம் பாதித் தெரு ஓடிவிட்டு டீக்கடைக்கே திரும்பினேன்.

பஸ்ஸில் நடந்ததை அவள் பிற்பாடு சொன்னாள். நிறுத்தச் சொன்னதற்கு, டைம் போய்விட்டால் பின்னால் வரும் வண்டிக்காரன் சண்டைக்கு வருவான் என்று கண்டக்டர் மறுத்திருக்கிறார். என் போனுக்குப் பூட்டு கிடையாது. ஒரு அமுக்கு அமுக்கியிருந்தால் அப்பா காரோடு வந்திருப்பார், கோயம்புத்தூரும் போயிருக்கும். அவள் போனைத் தொடவில்லை. "நிறுத்த வேண்டாம்ங்க. அந்தப் பின்னால வர்ற வண்டிக்குச் சொல்லிருங்க. மீசை வச்ச மாமா, டீக்கடையில யாருகிட்டயாச்சும் காஷ்மீர் கதை பேசிட்டிருப்பாரு" என்றிருக்கிறாள்.

பத்து நாற்பதுக்கு அடுத்த பஸ் வந்தது. கண்டக்டர் நேராக என்னிடம் வந்தார்.

"ஜலகண்டாபுரம் போற மாமாதானுங்களே? ஏறுங்க, காஷ்மீரை வண்டியில வந்து சொல்லுங்க."

பன்னிரண்டு ரூபாய் டிக்கெட், பதினொன்றே காலுக்கு ஜலகண்டாபுரம். விசாரித்துத் தறிக்காரர் வீட்டை நான் கண்டுபிடிக்கையில் அங்கே வேலையே முடிந்திருந்தது. உள்ளே லைட் வெளிச்சத்தில் காட்டிய சேலையை வாங்க மறுத்து, வாசல் வெயிலில் கொண்டுபோனதையும் அதையும் விரித்துப் பார்த்துக் கரை நிறம் தேர்ந்தெடுத்தாளாம். "இந்தப் பொண்ணுகிட்ட ஏமாத்த முடியாதுங்க" என்றார் தறிக்காரர். "டீ நல்லா இருந்துச்சுங்களா மாமா?" என்றாள் இவள்.

சாயங்காலம் நாமக்கல்லில் தங்கை மாப்பிள்ளையிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அவர் சிரித்தார். "இதுவும் உங்க காஷ்மீர் மாதிரிதானுங்களே மச்சான்." இத்தனை வருஷம் கதை அளந்ததற்கு அன்றைக்குத்தான் வருத்தப்பட்டேன். சட்டைப் பையைத் துழாவினேன். தாரமங்கலத்தில் ஏறிய டிக்கெட், பத்து நாற்பது, ஒரு ஆள்.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளையும் பார்த்தார். பிறகு பேனா கேட்டார்.

உங்கள் பிள்ளைகளையும் இப்படி அனுப்ப நினைத்தால் சுற்றிப்பார்க்க அனுப்பாதீர்கள், முடித்து வர ஒரு வேலை கொடுத்து அனுப்புங்கள். போக வர ஆளுக்கு இருநூறு ரூபாய் போதும். காலையிலேயே கிளம்புங்கள், மதிய வெயில் தாங்காது. மனசு கேட்காமல் கூடவே போகிறவர்கள் தாரமங்கலத்தில் டீ குடிக்க இறங்குங்கள். மெதுவாகக் குடியுங்கள்.