கழுகின் வலது பக்கம்

கழுகு என்று அவனுக்குப் பெயர் வைத்தவர் ஒரு கண் டாக்டர். போன மாதம் அவன் இறந்தபோது செய்தித்தாளில் நான்கு வரி போட்டிருந்தார்கள். முன்னாள் குத்துச்சண்டை சாம்பியன், கூர்மையான பார்வைக்குப் பேர்போனவர். எழுதியவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவனுக்கு வலது கண் தெரியாது என்பது வெகுகாலம் மூன்று பேருக்குத்தான் தெரியும்: அவனுக்கு, அவன் அண்ணனுக்கு, எனக்கு.

நானும் அவனும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை பார்த்தோம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். அவன் இஸ்திரி போடுவான், நான் மடிப்பேன். வேலை முடிந்ததும் பின்தெருவில் இருந்த பயிற்சிக்கூடத்துக்குப் போவோம். அங்கே அவன் குத்துவான். குத்துவதற்கு முன்னால் அவன் கைகளுக்கு நான் துணி கட்டுவேன். அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கட்டியும் அவிழ்த்தும், எங்கே வலிக்கிறது என்று அவனையே கேட்டும் கற்றுக்கொண்டேன். முஷ்டியை மூடினால் துணி இறுக வேண்டும், விரித்தால் விரல் நுனி வெளுக்கக் கூடாது. இரண்டும் சரியாக அமைய எனக்கு நான்கு வருஷம் ஆனது.

பயிற்சி கொடுத்தது அண்ணன். அப்பா இல்லாத வீட்டில் அவர்தான் எல்லாம். எட்டு வயது மூத்தவர், ஆனாலும் தம்பி அவரை 'நீ' என்றுதான் பேசுவான். 'நீங்க' என்று கூப்பிட்டால் வேற்று ஆள் மாதிரி இருக்கிறது என்பான்.

கண் போனதும் அண்ணனால்தான். ஒரு நாள் பயிற்சியில் அவருடைய கையுறையின் கட்டைவிரல் தம்பியின் கண்ணுக்குள் போய்விட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு வாரம் கலங்கித் தெரிந்தது. ஒரு மாதத்தில் எதுவும் தெரியாமல் போயிற்று. அண்ணன் சுவரில் தலையை முட்டிக்கொண்டார்.

"செவுத்துக்கு வலிக்கப் போகுது. ஒக்காந்து யோசிண்ணே" என்றான் தம்பி.

யோசித்தார்கள். சண்டை போட உரிமம் வேண்டுமென்றால் வருஷத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை உண்டு. அண்ணன் கண்ணாடி வாங்கப் போகிறவர் போல அதே டாக்டரிடம் முதலில் போய், சுவரில் தொங்கிய எழுத்து அட்டையை அப்படியே காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தார். இஸ்திரி மேசைக்கு எதிரே அதை ஒட்டி வைத்துத் தம்பி இரண்டு வாரம் மனப்பாடம் செய்தான். டாக்டர் இடது கண்ணை மூடச் சொன்னதும் மேலிருந்து கீழ்வரை ஒப்பித்தான். அதோடு நிறுத்தவில்லை. அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் விலாசத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். டாக்டர் எழுந்து போய்க் குனிந்து பார்த்தார்.

"இங்க எழுத்து இருக்குன்னே இப்பத்தான் எனக்குத் தெரியுது. கழுகுக் கண்ணுப்பா உனக்கு."

வெளியே வந்ததும் அண்ணன் அவன் முதுகில் ஒன்று போட்டார். "அச்சகத்து அட்ரஸை எதுக்குடா படிச்சே?"

"நீ எழுதிக் குடுத்ததைத்தானே படிச்சேன். நீ எதுக்கு எழுதினே?"

"அதுவும் பரீட்சையில வரும்னு நெனச்சேன்டா."

சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. கழுகு என்ற பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

மீதி வேலையை அண்ணனின் தொண்டை பார்த்துக்கொண்டது. எதிராளியின் குத்து கழுகின் வலது பக்கமாகக் கிளம்பும்போதெல்லாம் மூலையில் நின்று "மழை!" என்று கத்துவார். கழுகு வலது கையைத் தூக்கிக்கொள்வான். தகரக் கூரைக்குக் கீழே வெயிலில் வெந்துகொண்டிருக்கும் கூட்டம் இதைக் கேட்டுச் சிரிக்கும். "எங்கய்யா மழை, ரெண்டு சொட்டு இங்கயும் போடச் சொல்லு" என்பார்கள். அண்ணன் திரும்பிப் பார்க்க மாட்டார். கண் சிமிட்டக்கூட அவருக்கு நேரமில்லை. அந்தத் தொண்டையை நம்பிக் கழுகு சாம்பியன் ஆனான், ஆறு வருஷம் சாம்பியனாக இருந்தான்.

ஏழாவது வருஷம் ஒரு சண்டைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அண்ணன் பயிற்சிக்கூடத்துக்கு வரவில்லை. வயிற்றில் ஏதோ கோளாறு, டாக்டர் படுத்திருக்கச் சொன்னார் என்று தகவல் வந்தது. பார்க்கப் போனோம், வீடு பூட்டியிருந்தது. மாமியார் வீட்டுக்குப் போயிருப்பார் என்று கழுகு சொன்னான். நானும் தலையாட்டினேன்.

சண்டை ஞாயிற்றுக்கிழமை மதியம். உடை மாற்றும் அறையில் நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டுக்குள் எதையும் ஒளித்து வைக்கவில்லை என்று பார்ப்பதற்கு எதிராளியின் ஆள் ஒருவர் வந்து நிற்பார். கட்டி முடித்ததும் மணிக்கட்டு நாடாவின் மேல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அதுதான் முறை. அன்றைக்குக் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தவர் அண்ணன். எதிராளியின் பயிற்சிக்கூடத்து நீலச் சட்டை போட்டிருந்தார்.

என் கையில் துணி பாதிச் சுற்றில் நின்றது.

"கட்டுப்பா, நேரமாகுது" என்றார் அண்ணன், என்னைப் பார்த்து.

கழுகு தலையை முழுக்கத் திருப்பி இடது கண்ணால் அவரைப் பார்த்தான். "வயிறு எப்படி இருக்கு?"

"அவங்க கூடத்தையே என் பொறுப்புல விடறாங்கடா. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. இந்த ஒத்தக் கண்ணை வச்சுக்கிட்டு நீ இன்னும் எத்தனை நாளு..."

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

கழுகு அவரை 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணன் பேனாவைத் திறந்தார். பதினாறு வருஷம் தான் பிடித்து வளர்த்த கையில் கையெழுத்துப் போட்டார். நாடா வழுக்கியதால் மேலே இன்னொரு தடவை இழுத்தார்.

இரண்டாம் சுற்றிலேயே எதிராளி கழுகின் வலது பக்கமாகவே சுற்ற ஆரம்பித்தான். எங்கள் மூலையில் நான்தான் நின்றேன். "மழை" என்று கத்தினேன். எனக்குக் கை கட்டத் தெரியும், குத்தைப் படிக்கத் தெரியாது. என் சத்தம் ஒவ்வொரு தடவையும் அடி விழுந்த பிறகு வந்தது. மூன்றாம் சுற்றில் எதிர் மூலையிலிருந்து அந்தப் பழைய குரல் கேட்டது: "மழை!" கழுகின் வலது கை மேலே போயிற்று. வலது பக்கத்தில் ஒன்றுமே இல்லை. திறந்து கிடந்த விலாவில் அடி விழுந்தது. நான்காம் சுற்றில் மறுபடியும் அதே குரல், அதே பொய், அதே விலா.

ஆறாம் சுற்றில் மூன்றாவது தடவை கேட்டது. இந்த முறை குத்து நிஜமாகவே வலது பக்கத்திலிருந்து கிளம்பியிருந்தது. கழுகு கையைத் தூக்கவில்லை. குரல் வந்த வலது பக்கமாக முகத்தைத் திருப்பினான். வலது கன்னத்தில் விழ வேண்டிய குத்து, திரும்பிய முகத்தில், இருந்த ஒரே கண்ணில் விழுந்தது.

அறைக்கு வந்ததும் கட்டைப் பிரிக்கக் கத்தரியை எடுத்தேன். வழக்கமாக உள்ளங்கைப் பக்கம்தான் வெட்டுவேன். "மேல வெட்டு, கையெழுத்து மேலயே" என்றான். வெட்டினேன்.

இடது கண் முழுக்கப் போகவில்லை. வெளிச்சமும் உருவமும் தெரியும். இஸ்திரிக்கு அது போதும் என்பான். விரிப்பின் ஓரத்தை விரலால் தடவியே சுருக்கம் இல்லாமல் போடுவான். அவன் போட்டதை நான் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை.

ஒன்பது வருஷம் கழித்து ஒரு காலையில் அண்ணன் சலவைக்கூடத்துக்கு வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். வந்தவர் மேசையருகே தம்பியின் வலது பக்கம் போய் நின்றார். சத்தம் காட்டவில்லை.

"யாரு நிக்கறதுன்னு தெரியுது. கூடத்துல தேய்க்கிற தைல வாசனை இன்னும் போகலை" என்றான் கழுகு.

"மொத ரெண்டு தடவை நான் செஞ்சது பாவம்டா. மூணாவது தடவை நிஜமாத்தான் கத்துனேன். பழக்கத்துல வந்துருச்சு. உன்னைக் காப்பாத்தத்தான் வந்துச்சு. நீ நம்பலை. கையைத் தூக்கியிருந்தா கண்ணு தப்பிச்சிருக்கும்."

கழுகு இஸ்திரியை நிமிர்த்தி வைத்தான்.

"மூணாவது நிஜம்னு எனக்கும் தெரியும். குரல்லயே தெரிஞ்சுது. அதனாலதான் திரும்பிப் பாத்தேன். என் அண்ணன் வந்துட்டான்னு நெனச்சேன். பாத்தா, நீல சட்டையில நீங்க நின்னுக்கிட்டிருந்தீங்க."

அண்ணனின் வாய் கோணிற்று. வலது கையை மெதுவாக நீட்டி, தம்பியின் தோளுக்கு ஒரு விரல் தூரத்தில் நிறுத்தினார். தொடத் துணியவில்லை. தம்பி பிடிப்பான் என்று காத்திருந்தார். அந்தப் பக்கத்தில் நீட்டிய கை அவனுக்குத் தெரியாது என்பது அண்ணனுக்கு மறந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த விரிப்பை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் கையை எடுத்துக்கொண்டு போனார்.

"போயிட்டாரா?" என்றான் கழுகு.

"போயிட்டாரு."

"ஒண்ணும் சொல்லாமயா?"

"ஒண்ணும் சொல்லலை" என்றேன்.