ஐந்து வருடப் படமும் வெட்டிய பன்னிரண்டு நிமிடமும்

ஆவணப்படம் எடுப்பவனுக்கு மூன்று வேண்டும்: ஒரு கேமரா, ஒரு மைக், அடுத்தவர் வீட்டு வாசலில் கூச்சமில்லாமல் மணிக்கணக்கில் நிற்கும் பழக்கம். முதல் இரண்டும் வாடகைக்குக் கிடைக்கும்.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போலப் பொதுக் காரியங்களில் மாட்டிக்கொண்டவர்கள் சிலராவது இருப்பீர்கள். மனு எழுதி எழுதி விரல் தேய்ந்தவர்கள், கூட்டம் போட்டுவிட்டுக் காலி நாற்காலிகளிடம் பேசியவர்கள். உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அறிவுரை எதுவும் கிடையாது, என்னிடம் இருந்தால்தானே தருவதற்கு.

நான் பதினொரு வயதில் இலங்கையின் மன்னார்ப் பக்கமிருந்து படகேறி வந்தவன். மதுரைக்கு வெளியே ஓர் அகதி முகாமில் வளர்ந்தேன், இன்றும் என் பெயர் அந்த முகாமின் பதிவேட்டில்தான் இருக்கிறது. பெரிதாக நினைத்துச் செய்த படம் ஒன்றே ஒன்று. என்னைப் போல வந்து, இங்கேயே கல்யாணம் கட்டி, இங்கேயே பிள்ளை பெற்று, இன்னும் குடியுரிமை கிடைக்காதவர்களைப் பற்றிய படம். அதைப் பார்த்து ஒரு நல்ல வக்கீலாவது இந்த விஷயத்தைக் கையில் எடுக்க வேண்டும் என்பதுதான் ஆசை. ஐந்து வருடம் பிடித்தது. ஒலிப்பதிவுக்கு என்னோடு கூட இருந்தவர் பாண்டி. சமயநல்லூர்க்காரர், விவசாயக் குடும்பம், மற்ற நாட்களில் கோயில் விழாக்களுக்கு மைக் செட் கட்டுகிறவர். என்னைவிட ஒரே ஒரு வயது இளையவர், அந்த ஒரு வயதுக்காக விடாமல் 'அண்ணே' என்று கூப்பிடுவார்.

மாற்றிய சட்டை

முகாம் ஆண்களில் பாதிப்பேருக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் பிழைப்பு. மதுரையில் நீங்கள் பார்க்கும் பளபளப்பான வீடுகளில் பலவற்றுக்குச் சாரத்தில் தொங்கி வண்ணம் பூசியவர்கள் எங்கள் ஆட்கள்தான். அதைப் படமாக்க ஒரு மூன்று மாடி வீட்டின் முன் வெயிலில் நின்றோம். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், "எந்த டிவி?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்தபோது புதுச் சட்டை, படிய வாரிய தலை, நெற்றியில் விபூதி. கேமராவுக்கு நேரே நின்று, வாசல் ஏன் வடக்குப் பார்த்திருக்கிறது, சமையலறை ஏன் மூலையில் இருக்கிறது என்று விளக்க ஆரம்பித்தார். மேலே சாரத்தில் இரண்டு பேர் பிரஷ்ஷும் கையுமாக அவர் முடிக்கக் காத்திருந்தார்கள். குறுக்கே பேசினால் ஆட்களின் வேலை போய்விடுமோ என்று நானும் பொறுத்துக்கொண்டேன். கடைசியில், இது டிவிக்கு இல்லை, மேலே தொங்குகிறவர்களைப் பற்றிய படம் என்று மெதுவாகச் சொன்னேன். மனிதர் கோபப்படவில்லை. வருத்தந்தான் பட்டார்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் சட்டையே மாத்தியிருக்க மாட்டேனே சார்!"

நிரந்தரம்

முகாமுக்குள் கேமரா கொண்டுபோக அனுமதி வேண்டும். நான் வளர்ந்த இடம், ஆனாலும் வேண்டும். தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்துக்கு அந்த ஒரு தாளுக்காக எத்தனை முறை நடந்தேன் என்பது அங்கே வாசலில் வண்டி நிறுத்த இடம் காட்டுகிறவருக்குத்தான் தெரியும். என்னைப் பார்த்ததும் அவரே, "இன்னிக்கு அவரு லீவுண்ணே" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற அளவுக்கு நெருங்கிவிட்டோம்.

அந்த 'அவர்', என் விண்ணப்பத்தைப் பார்க்கிற அதிகாரி, நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி என்று இரண்டு கட்டம் இருந்தது. இரண்டிலும் முகாமையே எழுதியிருந்தேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் மேலே போகாது என்றார். நிரந்தரம் என்றால் மன்னாரில் இருந்த வீட்டைத்தான் எழுத வேண்டும், அங்கே இப்போது வீடும் இல்லை, அந்தத் தெருவும் இல்லை என்றேன். எப்போது வந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"முப்பத்தஞ்சு வருசமாவா சார் தற்காலிகமா இருக்கீங்க? நான் சர்வீஸ்ல நிரந்தரமாகியே இருபது வருசந்தான் ஆகுது."

கோலம் போட்ட குப்பை

நடுவில் பாண்டியின் சொந்தக்காரர்கள் இருக்கும் ஒரு காலனியிலிருந்து ஆள் வந்தது. தெருமுனையில் குப்பை மலையாகக் கிடக்கிறது, சாக்கடை அடைத்து வீட்டுக்குள் வருகிறது, ஒரு சின்னப் படம் எடுத்துக் கொடுங்கள், மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்றார்கள். சரி, வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று நாள் சொன்னேன். நான் செய்த தப்பு அதுதான். எங்கள் தொழிலில் நாள் சொல்லவே கூடாது.

வெள்ளிக்கிழமை போனால் குப்பையைக் காணோம். சாக்கடை ஓரம் நெடுகிலும் பிளீச்சிங் பவுடர். படம் எடுக்கிறார்கள் என்று எப்படியோ மாநகராட்சிக்குச் செய்தி போய், முதல் நாளே ஆட்கள் வந்து அள்ளிவிட்டார்கள். குப்பை கிடந்த இடத்தில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. பெண்கள் பட்டுச்சேலையில் தலைநிறையப் பூவோடு வரிசையாக நின்றார்கள். குறையைச் சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினால், "இப்ப ஒரு கொறையும் இல்லைங்க" என்று சிரிக்கிறார்கள். எடுத்துப்போன கேமராவைப் பையிலிருந்து வெளியே எடுக்காமலே திரும்பினேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயந்தான், எனக்கு என்னவோ அலுப்புத்தான் வந்தது. வண்டியில் ஏறும்போது ஒரு அக்கா ஓடிவந்து பையைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்.

"படமெல்லாம் வேணாம்ணே. மாசத்துக்கு ஒருக்கா இந்தப் பைய மட்டும் தூக்கிட்டு இந்தப் பக்கமா ஒரு நட நடந்துட்டுப் போங்க, போதும்."

ஒரு நிமிடம் சும்மா

என் படத்தின் உயிர் செல்வராணி அக்கா. அவரும் சின்ன வயதில் படகில் வந்தவர். நர்ஸ் படிப்பை முதல் வகுப்பில் முடித்தவர், குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு எழுதவே முடியாமல் ஒரு தனியார் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறார். வெளியே மதுரைப் பேச்சு, வீட்டுக்குள் ஊர்ப் பேச்சு. அந்த அனுமதித் தாள் ஒருவழியாகக் கிடைத்த பிறகு, முகாமில் அவர் வீட்டு முற்றத்தில் வைத்துத்தான் பேட்டி எடுத்தோம். பன்னிரண்டு நிமிடம் அழாமல், யாரையும் திட்டாமல் பேசினார். பாண்டி காதில் ஹெட்போனோடு தலையைக் குனிந்துகொண்டார்.

பேட்டி முடிந்ததும் எங்கள் வழக்கப்படி, "எல்லாரும் ஒரு நிமிடம் சத்தம் போடாமல் இருங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். அந்த இடத்தின் வெறும் சத்தத்தை, காற்றை, தூரத்து லாரியை, தனியாகப் பதிவு செய்வோம். வெட்டி ஒட்டும்போது பேச்சுக்கு நடுவே வைக்க உதவும். தொழிலில் இது பல் விளக்குவது மாதிரி, யோசித்துச் செய்வதில்லை. யாருக்கும் விளக்கமும் சொல்லவில்லை.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். செல்வராணி அக்கா கண்ணை மூடினார். இரண்டு பேர் சத்தமில்லாமல் அழுதார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது, அஞ்சலி என்று நினைத்துவிட்டார்கள். நிமிடம் முடிந்தும் நான் போதும் என்று சொல்லவில்லை. அவர்களாகவே உட்கார்ந்தபோது, இது சத்தம் பதிவு செய்யத்தான் என்று அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"பரவாயில்லை தம்பி. ஆருக்கெண்டு நீங்கள் சொல்லேல்லை, நாங்கள் ஆளாளுக்கு ஒராளை நினைச்சுக்கொண்டு நிண்டம்."

வாய் வாக்கு

படத்தில் வருகிறவர்களிடம் சம்மதக் கடிதம் எழுதி வாங்குவது வழக்கம். நான் வாங்குவதில்லை. முகாம்காரர்கள் வாழ்நாளெல்லாம் கணக்கெடுப்புக்கும் கண்காணிப்புக்கும் போட்ட கையெழுத்து போதும், எனக்கும் ஒன்று போட வேண்டாம் என்று ஒரு வீம்பு. பதிலாக ஒரு வாக்குக் கொடுப்பேன்: முதல்முறை திரையில் காட்டும் நாள் வரைக்கும் எப்போது வேண்டாம் என்றாலும் உங்களை எடுத்துவிடுவேன். பாண்டி பலமுறை சொன்னார், ஒரு தாளில் எழுதி வாங்குங்கள் என்று. கேட்டால்தானே.

திரையிட நான்கு நாள் இருக்கும்போது செல்வராணி அக்கா என்னைத் தேடி வந்தார். மகளுக்குத் திருப்பரங்குன்றத்தில் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. நல்ல பையன், நல்ல குடும்பம். மாப்பிள்ளை வீட்டுக்கு முகாம் விஷயம் தெரியும், அவர்கள் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது, வெளியே சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண் கல்யாணம் ஆனால் முகாமை விட்டு வெளியே போய்விடும். அக்கா படத்தில் முகாம் வாசலில் நின்று பெயர் சொல்லிப் பேசுகிறார்.

எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்ல விரும்பவில்லை. அந்தக் கல்யாணம் நின்றால்தான் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றுவரை வெட்கமாக இருக்கிறது. முகத்தை மறைத்துக் குரலை மட்டும் வைக்கலாமா என்று கேட்டேன். "என்ர குரலைக் கேட்டு அவையின்ர சொந்தக்காரர் கண்டுபிடிக்க மாட்டினமோ தம்பி?" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. அன்று பகல் முழுக்க உட்கார்ந்து பன்னிரண்டு நிமிடத்தையும் வெட்டினேன். பக்கத்தில் இருந்த பாண்டி, முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"வெட்டுனது பன்னெண்டு நிமிசந்தாண்ணே. ஆனா மிச்சம் இருக்கதப் பாத்தா அம்புட்டையும் வெட்டுன மாதிரில இருக்கு."

ஒரே ஒரு அம்மா

தல்லாகுளத்தில் ஒரு மிஷன் பள்ளியின் கூடத்தில் திரையிட்டோம். அங்கே வேலை பார்க்கும் ஒரு டீச்சர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு வந்து திறந்துவிட்டு, நாற்காலியெல்லாம் தானே துடைத்துப் போட்டார். நான் குறிவைத்திருந்த வக்கீலம்மா வந்திருந்தார். இந்த மாதிரி வழக்குகளில் பெயர் எடுத்தவர். படம் முழுக்க ஒரு முறைகூடப் போனைப் பார்க்கவில்லை, நான் படத்தைப் பார்க்காமல் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்குப் போட்டதும் கை தட்டினார்கள். வக்கீலம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கருணையாகத்தான் பேசினார், அதனால் இன்னும் வலித்தது. அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லக் கூடாத பதில். பின்னால் வயர் சுற்றிக்கொண்டிருந்த பாண்டி, சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"படம் நல்லாருக்கு சார். ஆனா நான் இத கோர்ட்டுக்குக் கொண்டு போகணும்னா, முகத்தக் காட்டி, பேரச் சொல்லி, இது என் வாழ்க்கைன்னு பேசுற ஒரே ஒரு அம்மா வேணும். முகாம்ல அப்படி ஒருத்தர்கூடவா உங்களுக்குக் கிடைக்கல?"

முகூர்த்தம்

உங்களிடம் இதுவரை ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். வயிற்றுப்பாட்டுக்கு நான் கல்யாண வீடியோ எடுக்கிறேன். செல்வராணி அக்கா மகள் கல்யாணத்துக்கும் நான்தான். வேறு ஆளை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாள் என்றால் தெரியுமே, மண்டபத்துக்கு மண்டபம் மேளம், எந்த மாப்பிள்ளை எந்தப் பெண்ணுக்கு என்று ஐயருக்கே சந்தேகம் வரும். அக்கா வாசலில் நின்று, "வாங்க மதினி, அண்ணன் வரலையா? மொதப் பந்தியிலயே உக்காந்துருங்க" என்று வந்தவர்களை எல்லாம் வரவேற்றுக்கொண்டிருந்தார். மதுரைப் பேச்சில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை. மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் என்னிடம் வந்து, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நீளமாகப் பதில் சொல்கிறவன், அதை வைத்தே கூட்டங்களில் பேச ஆரம்பிக்கிறவன். "மதுரைதாங்க" என்றேன். அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாலி கட்டி முடிந்து கூட்டம் பந்திக்குப் போனதும் அக்கா மணவறைப் பக்கம் தனியாக வந்தார். புதுச் சேலை, வியர்வையில் பொட்டு லேசாகக் கரைந்திருந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது, மைக் இல்லை, கல்யாண வீடியோவுக்குப் பாட்டுத்தான் போடுவோம். நேராக அதைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, தன் ஊர்ப் பேச்சில் மெதுவாகச் சொன்னார்.

"இதிலயாவது என்ர முகத்தை வடிவா எடுத்து வையுங்கோ தம்பி. இதை ஒருத்தரும் வெட்டச் சொல்ல மாட்டினம்."

ஐந்து வருடம் எடுத்த படத்தை ஒரே ஒரு கூடத்தில் ஒரே ஒரு முறை பார்த்தார்கள், ஒரு காலையில் எடுத்த கல்யாண வீடியோவை மாப்பிள்ளை வீட்டுச் சொந்தமெல்லாம் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்களாம், ஆகவே தொழிலில் நான் முன்னேறிவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.